பண்ணையின் சுழி அடைபடாமல்: பாலூ தம்பியில் பெயர்ப்பலகை

கிண்ணியாத் தயிர்ச் சட்டிக்கு ஒட்ட ஒரு லேபிள். ‘பண்ணைத் தயிர்’ என்று பாலூ தம்பி எழுத்துருவின் ஆகத் தடித்த எழுத்தில் போட்டேன். திரையில் வடிவாக இருந்தது. அச்சாகி வந்தபோது ‘ண’வின் சுழிகள் எல்லாம் மையில் அடைபட்டுவிட்டன. முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். இப்போது பெயரைக் கேட்டதும் அதில் எத்தனை சுழி என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பாலூ தம்பி, மும்பையின் ஏக் டைப் குழு செய்த எழுத்துரு. இலவசம், கடைப்பலகைக்கும் கட்டணமில்லை. உடம்பு கொழுத்து, முனை மழுங்கி, குழந்தைக் கன்னம் போல இருக்கும். அதன் அடுத்த பதிப்பான ‘பாலூ தம்பி 2’இல் 400 முதல் 800 வரை ஐந்து தடிப்புகள். தடித்த எழுத்து என்றதும் 800க்கே போய்விடாதீர்கள். ண, ணை, ஞ, இ, ஜ வரும் பெயருக்கு 600 போதும். ‘கடல்’, ‘படகு’ போன்றவை 800ஐத் தாங்கும். எதையும் உண்மை அளவில் ஒரு தாளில் அடித்து, வீதியின் மறுபக்கம் நின்று பாருங்கள். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை வேலையின் பொதுக் கணக்கு. சுழி நிறைந்த தமிழுக்கு நான் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

வாடிக்கையாளர் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டித் தந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

‘மூதூர்’, அதன் கீழே ‘கிண்ணியா’. ஓட்டோக் கண்ணாடிக்கு இப்படி இரண்டு வரி கேட்பார்கள். மேலே மூ, தூ இரண்டும் வாலைக் கீழே விடும்; கீழே ‘கி’யின் கொக்கி மேலே ஏறும். தடித்த எழுத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், வரி இடைவெளியில் கை வைக்காதீர்கள்.

திருகோணமலையில் பலகை என்றால் பெரும்பாலும் மூன்று மொழி. பாலூவில் சிங்களம் இல்லை. நோட்டோ சான்ஸ் சிங்களம் என்ற எழுத்துருவின் தடித்த வகையை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் தடிப்பைச் சமன் செய்கிறேன். சிங்கள எழுத்தே உருண்டது என்பதால் அருகில் உறுத்தாது.

ஸ்டிக்கர் வெட்டும் வேலையில் இந்த உருண்டை முனைக்கு நான் நன்றி சொல்லவேண்டும். கூரிய மூலைதான் முதலில் கிளம்பும்; கடற்கரைக் கடைகளில் வாடைக்காற்று அடிக்கும்போது அது நன்றாகத் தெரியும். ஆனால் புள்ளியைக் கவனியுங்கள். சின்ன வட்டம், பிடிமானம் குறைவு. அது உரிந்தால் ‘கடல்’ ‘கடல’ ஆகிவிடும். ஒட்டியபின் ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தனித்தனியே அழுத்துகிறேன்.

ஜூஸ் கடை, முன்பள்ளி, உப்புவெளி விடுதிகள் எல்லாவற்றுக்கும் தம்பி பொருத்தம். இறந்தவரின் 31ஆம் நாள் அழைப்புக்கு அதே எழுத்தைக் கேட்டு வந்தவரிடம், அது சிரிக்கிற எழுத்து, வேண்டாம் அண்ணை என்று சொல்லி, மெலிந்த எழுத்தொன்றில் அடித்துக் காட்டினேன். அதையே எடுத்துப் போனார்.