ரஸ்ட் மொழியில் நினைவகப் பற்றாக்குறையைக் கையாளும் முறை

ரஸ்ட் நிரலுக்கு நினைவகம் கிடைக்காமல் போனால், வழக்கமான அமைப்பில் அது அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டுவிடும் என்பதால், பேனிக்கை (பிழையால் நிரல் தன் ஓட்டத்தைக் கைவிடுவதை) பிடிக்க உதவும் கேட்ச்_அன்வைண்ட் என்ற செயற்கூறு இங்கே பயன்படாது. எனவே கோப்பின் தலைப்பகுதியிலோ பயனரின் உள்ளீட்டிலோ வரும் எண்ணை நம்பி வெக்டரை (தேவைக்கேற்ப வளரும் பட்டியலை) விரிவாக்கும் இடங்களில், 2021 டிசம்பரில் வெளியான 1.57 பதிப்பு முதல் நிலையாகக் கிடைக்கும் ட்ரை_ரிசர்வை (தேவையான இடத்தை முன்கூட்டியே கேட்டுப் பார்க்கும் செயற்கூறை) முதலில் அழைத்து, அது தரும் ரிசல்ட் (வெற்றியா பிழையா எனச் சொல்லும்) மதிப்பில் பிழை இருந்தால் அதைக் கேள்விக்குறி (?) இயக்கியால் மேலே, அதாவது அழைத்த செயற்கூறுக்கு, அனுப்பிவிட்டு, இடம் உறுதியான பின்பே தரவைச் சேருங்கள். அந்தப் பிழையைப் பதிவுசெய்யும் வரியில் உரையைப் புதிய சரமாக வடிவமைத்துத் தரும் ஃபார்மட் மேக்ரோவை அழைத்தால் அதுவே புதிதாக நினைவகம் கேட்கும். இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

லினக்ஸில் கூடுதல் கவனம் தேவை. அங்கே இயங்குதளத்தின் மையமான கெர்னல், கையிருப்பை மீறியும் நினைவகம் தர ஒப்புக்கொண்டு, நினைவகப் பக்கங்களை (அதன் சிறு பகுதிகளை) நிரல் உண்மையில் பயன்படுத்தும்போது இடமில்லையென்றால் நிரலையே முடித்துவிடக்கூடும் என்பதால், உள்ளீட்டுக்கு நிரலுக்குள்ளேயே உச்சவரம்பு வையுங்கள்.