பார்படோஸுக்குக் குடி போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது, வரிசையா

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணான். நான் இருக்கிற கரீபியன் தீவு பார்படோஸ்லயே அவனுக்கும் வேலை உறுதியாயிடுச்சு, ஆபர் லெட்டர் வந்துடுச்சுன்னு சொன்னான். எனக்கு அவ்ளோ சந்தோஷம். நான் ரெண்டு வார்த்தை பேசி முடிக்கல, அதுக்குள்ள அடுத்த கேள்வி: "அக்கா, டேபிள்டாப் கிரைண்டர் எடுத்துட்டு வரலாமா?" கிரைண்டர் முக்கியம்தான், ஆனா அது நாலாவது வேலை, அதுக்கு முன்னாடி மூணு வேலை இருக்கு. அவனுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புனதை எல்லாம் இங்க கொஞ்சம் ஒழுங்கா எழுதி வைக்கிறேன், இதே மாதிரி முதல் தடவை கிளம்புறவங்க யாருக்காவது உதவும்.

மொதல்ல ஊரோட அளவை மனசுல வாங்கிக்கோங்க. மொத்த நாடே 431 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட சென்னை மாநகராட்சி அளவு. ஜனத்தொகை 3 லட்சம் கூட கிடையாது. கடையில பாக்குற பொருள்ல பெரும்பகுதி கப்பல்ல வந்து இறங்குனது, அதனால விலை ஜாஸ்தி, ஒரு வாரம் இருக்கிறது அடுத்த வாரம் இருக்காது. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், ஊர்ல முடிக்க முடியிற வேலையை ஊர்லயே முடிச்சிடுங்க, முக்கியமா பேப்பர் வேலை. மறந்துட்டு வந்த தட்டை இங்க வாங்கிக்கலாம், மறந்துட்டு வந்த சர்டிபிகேட்டை இங்க வாங்க முடியாது.

1. பேப்பர்

இந்திய பாஸ்போர்ட் இருந்தா சுத்திப் பாக்க வர்றதுக்கு பார்படோஸுக்கு விசா வேண்டாம். இதை வச்சுக்கிட்டு "வந்து எறங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வேலை பாக்கணும்னா ஒர்க் பெர்மிட் வேணும், அதுக்கு விண்ணப்பம் போட வேண்டியது உங்களை எடுக்குற கம்பெனி. பெர்மிட் கடிதம் கைக்கு வர்ற வரைக்கும் ஊர்ல இருக்கிற வேலையை விடாதீங்க, வீட்டையும் காலி பண்ணாதீங்க.

வெளிநாட்டு கம்பெனிக்கு லேப்டாப்ல வேலை பாக்குறவங்களுக்கு வேற வழி இருக்கு, வெல்கம் ஸ்டாம்ப்னு பேரு, 2020 ஜூலைல கொரோனா நேரத்துல ஆரம்பிச்சாங்க. 12 மாசம் இருக்கலாம், அந்த 12 மாசத்துல 50,000 அமெரிக்க டாலராவது சம்பாதிப்போம்னு காட்டணும், கட்டணம் ஒருத்தருக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000. அந்த வருமானத்துக்கு பார்படோஸ்ல வருமான வரி இல்ல.

இப்ப நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இருக்கிற சிக்கலுக்கு வர்றேன், இனிஷியல். பாஸ்போர்ட்ல ஒரு பேரு, டிகிரி சர்டிபிகேட்ல "எஸ். கார்த்திக்", மார்க் ஷீட்ல "கார்த்திக் எஸ்", கல்யாண சர்டிபிகேட்ல அப்பா பேரோட முழுசா, இப்படி நாலு பேப்பர்ல நாலு விதமா இருக்கும். நமக்கு நாலும் ஒரே ஆள், இங்க கவுண்டர்ல உக்காந்திருக்கவங்களுக்கு நாலு ஆள். அதனால கிளம்புறதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே எல்லா பேப்பரையும் தரையில பரப்பி வச்சு பேரை எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. திருத்த முடிஞ்சதைத் திருத்துங்க, முடியாததுக்கு "இந்த ரெண்டு பேரும் ஒரே நபரோடதுதான்"னு நோட்டரி கிட்ட அபிடவிட் வாங்கி வச்சுக்கோங்க. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க, அது பிளைட் டிக்கெட்ல இருந்து பேங்க் அக்கவுண்ட் வரைக்கும் பின்னாடியே வரும்.

பிறப்பு, கல்யாண சர்டிபிகேட் தமிழ்ல மட்டும் இருந்தா இங்கிலீஷ் பிரதி எடுத்துக்கோங்க. அப்புறம் அபாஸ்டில், அதாவது நம்ம பேப்பர் வெளிநாட்டுல செல்லுறதுக்கு வெளியுறவுத்துறை குடுக்குற சான்று. டிகிரிக்கு மொதல்ல மாநில அரசு சான்றொப்பம், அப்புறம் வெளியுறவுத்துறை அபாஸ்டில், ரெண்டுக்கும் சேர்த்து வாரக்கணக்குல ஆகும்னு வச்சுக்கோங்க. போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவாவுல கெடைக்கும், அதை மட்டும் ரொம்ப முன்கூட்டி எடுக்காதீங்க, சமீபத்துல எடுத்ததுதான் வேணும்னு கேப்பாங்க. பாஸ்போர்ட் முடிய ஒரு வருஷம் கூட இல்லன்னா புதுசா எடுத்துட்டே வாங்க.

2. எந்த வழியா போறீங்க?

இதை நான் தனியா, அழுத்திச் சொல்றேன். இந்தியாவுல இருந்து பார்படோஸுக்கு நேரா விமானம் இல்ல. லண்டன், டொரான்டோ, நியூயார்க், மயாமி இப்படி எங்கயாவது மாறணும். பார்படோஸுக்கு விசா வேண்டாம்னு நினைச்சு டிக்கெட் போட்டுடுவாங்க, ஆனா மாறுற ஊருக்கு விசா வேணும். அமெரிக்காவுல ரெண்டு மணி நேரம் பிளைட் மாறுறதுக்குக் கூட விசா இல்லாம முடியாது. கனடாவுக்கும் டிரான்ஸிட் விசா வேணும். லண்டன்ல ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராம மாறுனா கூட நமக்கு டிரான்ஸிட் விசா உண்டு, செல்லுபடியாகுற அமெரிக்க விசா மாதிரி சிலது கையில இருந்தாதான் விலக்கு. ஹீத்ரோவுல எறங்கி கேட்விக்ல ஏறுற டிக்கெட்னா இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்து பஸ் புடிக்கணும், அதுக்கு விசா வகையே வேற.

எனக்குத் தெரிஞ்ச ஒரு புருஷன் பொண்டாட்டி வீட்டை காலி பண்ணி, சாமான் எல்லாம் குடுத்துட்டு, சென்னையில செக்கின் கவுண்டர் வரைக்கும் போய் திரும்பி வந்தாங்க, காரணம் இதுதான். ரெண்டு டிக்கெட் காசும் போச்சு. அந்த அம்மா அழுதது இன்னும் காதுல இருக்கு. அதனால விசா கைக்கு வந்த அப்புறம்தான் டிக்கெட், அதுவும் முழு பயணமும் ஒரே டிக்கெட்ல இருக்கட்டும், அப்பதான் பெட்டி கடைசி ஊருக்கு நேரா போகும்.

பெர்மிட் கடிதம், தங்குற இடத்தோட விலாசம், ரெண்டையும் பிரிண்ட் எடுத்து கைப்பையில வைங்க. விசிட்டரா வர்றவங்க திரும்பிப் போற டிக்கெட்டும் காட்ட வேண்டி வரும்.

3. பணம்

இங்க பார்படோஸ் டாலர். 1975ல இருந்து 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர்னு கட்டி வச்சிருக்காங்க, அது மாறுறதே இல்ல, கணக்கு சுலபம். அமெரிக்க நோட்டைக் கடையிலயே வாங்கிக்குவாங்க. ரூபாயை இங்க மாத்த முடியாது, பார்படோஸ் டாலரை நம்ம ஊர்ல மாத்த முடியாது, அதனால அமெரிக்க டாலரா கொண்டு வாங்க, ஒரு பயணத்துக்கு நோட்டா 3,000 டாலர் வரைதான், மீதியை பாரெக்ஸ் கார்டுல போட்டுக்கோங்க. வீட்டு வாடகை சொல்லும்போது மட்டும் "எந்த டாலர்?"னு கட்டாயம் கேளுங்க, பாதிக்குப் பாதி வித்தியாசம்.

பேங்க் அக்கவுண்ட் திறக்க பொறுமை வேணும், வாரங்கள் ஆகலாம். ஊர்ல உங்க பேங்க்ல இருந்து லெட்டர்ஹெட்ல "இவர் இத்தனை வருஷமா எங்க வாடிக்கையாளர்"னு ஒரு கடிதம், ஆறு மாச ஸ்டேட்மென்ட், வேலை கடிதம், மூணும் எடுத்துட்டு வந்தா நிறைய அலைச்சல் மிச்சம். மூணு மாச செலவுக்குக் கையில இருக்கணும், சம்பளம் வரும்னு நம்பி வராதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி இந்திய சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓவா (வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்களுக்கான அக்கவுண்ட்) மாத்துங்க. சிம் கார்டு! அதை விட்டுடாதீங்க, ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும், ரோமிங் போட்டு சின்ன பிளான்ல உயிரோட வச்சிருங்க.

4. கிரைண்டர், மிக்சி, பெட்டி

இப்ப தம்பி கேட்ட கேள்வி. பார்படோஸ்ல கரண்ட் 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்ம ஊர்ல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் அமெரிக்கா மாதிரி தட்டை முள்ளு. நம்ம மிக்சியை வெறும் அடாப்டர்ல சொருகுனா பாதி வோல்ட்ல முனகும், அரைக்காது. அடாப்டர் முள்ளைத்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது, நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. அதுக்கு ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மர் வேணும், 750 வாட் மிக்சினா குறைஞ்சது 1,500 வாட் டிரான்ஸ்பார்மரா பாருங்க, மோட்டார் கிளம்புற நொடியில இழுக்குறது ஜாஸ்தி.

கிரைண்டர்ல ஒரு நுணுக்கம் இருக்கு. "அமெரிக்காவுக்குன்னு விக்கிற 110 வோல்ட் கிரைண்டர் வாங்கிட்டா போச்சு"ன்னு தோணும், ஆனா அது 60 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது, இங்க 50ல ஓடும்போது வேகம் ஆறுல ஒரு பங்கு குறையும், மோட்டாரும் சூடாகும். நம்ம ஊர் கிரைண்டரை டிரான்ஸ்பார்மர்ல போட்டா ஹெர்ட்ஸ் ஒண்ணுதான்ங்கிறதால சரியான வேகத்துல ஓடும். மிக்சிக்கு இந்த ஹெர்ட்ஸ் பிரச்சனை இல்ல, அதனால மிக்சி மட்டும் 110 வோல்ட்ல வாங்குங்க. கிரைண்டர் கல்லோட கனத்தையும் டிரான்ஸ்பார்மர் கனத்தையும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, நான் முதல் வருஷம் மிக்சிலயே மாவு அரைச்சேன், இங்க வெயிலுக்கு ஏழெட்டு மணி நேரத்துல பொங்கிடும். போன், லேப்டாப் சார்ஜர்ல 100-240னு போட்டிருந்தா கவலை இல்ல. அயர்ன் பாக்ஸ், கெட்டில் எடுக்காதீங்க.

எடுத்துட்டு வர வேண்டியது: குக்கர், அதோட ரெண்டு எக்ஸ்ட்ரா காஸ்கெட், வெயிட், சேப்டி வால்வு (குக்கர் கெடைக்கும், நம்ம குக்கருக்குப் பொருத்தமான காஸ்கெட் கெடைக்காது), இட்லி தட்டு, டாக்டர் சீட்டோட மூணு மாச மருந்து, மூக்குக் கண்ணாடி ரெண்டு ஜோடி. பருப்பு, மசாலா கம்பெனி சீல் போட்ட பாக்கெட்டா மட்டும், கஸ்டம்ஸ்ல கேட்டா மறைக்காம சொல்லுங்க. செடி, விதை, மண்ணு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ரொம்ப பயப்படாதீங்க. பிரிட்ஜ்டவுன் சீப்சைட் மார்க்கெட்டுக்கு சனிக்கிழமை காலையில போங்க. வெண்டைக்கா, மரவள்ளி, சக்கரவள்ளி, பூசணி, தேங்கா எல்லாம் இருக்கும், எட்டோன்னு விக்கிறது நம்ம சேப்பங்கிழங்கு குடும்பம்தான், பச்சைத் துவரை கிறிஸ்துமஸ் சமயத்துல வரும், சீமைப்பலா மலிவு, வறுவலுக்கு அருமை. கயானாவுல இருந்து வந்தவங்க கடை வச்சிருந்தா "கராபுலே இருக்கா?"ன்னு கேளுங்க. கறிவேப்பிலைதான் அது, அந்தக் காலத்துல மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்களோட கூடவே போன பேரு. முதல் தடவை ஒரு பாட்டி வாயில அதைக் கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

5. வீடு

போட்டோ பாத்து ஊர்ல இருந்தே ஒரு வருஷ ஒப்பந்தம் போடாதீங்க. மூணு வாரத்துக்கு தற்காலிகமா ஒரு இடம் எடுத்து, வந்து நேர்ல பாருங்க. மேற்குக் கரை செயின்ட் ஜேம்ஸ் பக்கம் வாடகை எகிறும், தெற்குல கிரைஸ்ட் சர்ச் பக்கம் பஸ், கடை எல்லாம் கிட்ட. டிசம்பர் நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும் டூரிஸ்ட் சீசன், அப்ப வீடு தேடுனா கஷ்டம்.

பாக்குற வீட்டுல குழாயைத் திறந்து பாருங்க, தண்ணி டேங்க் இருக்கான்னு கேளுங்க. குழாய்த் தண்ணியைக் குடிக்கலாம், பவளப்பாறை வழியா வடிகட்டி வர்ற நிலத்தடி நீர், ஆனா உப்புப் படியும். கடலுக்கு ரொம்ப கிட்ட வேண்டாம், உப்புக் காத்துல கேட்டு, கம்ப்யூட்டர், ஏசி எல்லாம் துருப்பிடிக்கும். ஜன்னலுக்கு புயல் ஷட்டர் இருக்கான்னு பாக்கணும், காரணம் கடைசியில சொல்றேன். ராத்திரி விசிலடிக்கிற சத்தம் கேக்கும், அது சின்ன மரத்தவளை, நாலு நாள்ல பழகிடும்.

6. வந்த முதல் ரெண்டு வாரம்

பஸ் ஏறுனாலும் கடைக்குள்ள போனாலும் மொதல்ல "குட் மார்னிங்" சொல்லுங்க, அப்புறம்தான் கேள்வி. சொல்லாம நேரா விலை கேட்டா மரியாதை இல்லாத ஆளுன்னு நினைப்பாங்க, நம்மாளுங்க பலர் இதுலதான் கெட்ட பேர் வாங்குறாங்க. வண்டி நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான், ரோடு குறுகல். பஸ் டிக்கெட் 3.50 பார்படோஸ் டாலர், அரசு பஸ் நீல கலரு, இசட்ஆர்னு சொல்ற வெள்ளை வேன்ல மெரூன் கோடு.

ராணுவ டிசைன் போட்ட சட்டை, பேன்ட், குழந்தைங்க தொப்பி கூட பெட்டியில வேண்டாம், சிவிலியன் யாரும் போடக்கூடாதுன்னு சட்டம். பீச்ல மான்சினீல்னு ஒரு மரம், பச்சை ஆப்பிள் மாதிரி சின்னப் பழம், விஷம், மழைக்கு அந்த மரத்தடியில ஒதுங்குனா கூட தோல் வெந்து போகும், பல இடத்துல சிவப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. குழந்தைங்களுக்கு முதல் நாளே காட்டிக் குடுங்க. குளிக்க மேற்குக் கரை, கிழக்குல பாத்ஷீபா பக்கம் அலை முரட்டுத்தனம், பாக்கறதோட சரி. டெங்கு கொசு இங்கயும் உண்டு. நம்ம ஊர் நேரம் ஒன்பதரை மணி நேரம் முன்னாடி ஓடும், அம்மாவுக்கு போன் பண்ண காலை நேரம்தான் தோது.

7. புயல்

ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் சீசன். 2024 ஜூன் 29ஆம் தேதி கென்சிங்டன் ஓவல்ல நம்ம டீம் டி20 உலகக் கோப்பை ஜெயிச்சது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஏர்போர்ட் மூடி அவங்க நாள்கணக்கா ஓட்டல்லயே மாட்டிக்கிட்டாங்களே, அந்தப் புயல்தான் பெரில், ஜூலை 1 காலையில தீவுக்குத் தெற்கால போச்சு. நேரா அடிக்கல, அதுக்கே இங்க மீன்பிடிப் படகுங்க நொறுங்கிப் போச்சு. பக்கத்து நாடு கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவுல கிட்டத்தட்ட எல்லா வீடும் சேதமாயிடுச்சு.

அதனால மே மாசக் கடைசிக்குள்ள ஒரு பை தயாரா இருக்கட்டும்: பாஸ்போர்ட், பெர்மிட், அபாஸ்டில் பேப்பர் எல்லாம் ஜிப் கவர்ல, டார்ச், பவர் பேங்க், பேட்டரி ரேடியோ, ஒரு வாரத்துக்கு மருந்து, கரண்ட் போனா ஏடிஎம் ஓடாதுங்கிறதால கொஞ்சம் ரொக்கம். தண்ணியை வாளி, டிரம் எல்லாத்துலயும் புடிச்சு வைங்க. உங்க பேட்டைக்கு எந்த ஸ்கூல் ஷெல்டர்னு முன்னாடியே தெரிஞ்சு வைங்க. ஊர்ல இருக்கவங்களுக்கு "ரெண்டு மூணு நாள் போன் வராம போகலாம், பயப்படாதீங்க"ன்னு சீசன் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

தம்பி ஆகஸ்ட்ல வர்றான், சீசன் உச்சத்துல. அவனுக்கும் சேர்த்து ஒரு டார்ச் வாங்கி வச்சிருக்கேன். கிரைண்டரை விட்டுட்டு அந்தக் கனத்துக்கு உளுந்தா எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன்.