வால்வு ஆம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர், எந்த டேப் (இணைப்பு முனை)?

வால்வு ஆம்ப்புக்கு (வெற்றிடக் குழாய்களில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் பார்க்க, சிங்கப்பூர் கோல்மன் ஸ்ட்ரீட்டில் ஹை-ஃபை கடைகள் இருக்கும் அடெல்ஃபிக்குப் போகிறீர்களா? பின்பக்கம் போட்டிருக்கும் '8 ஓம்' என்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அது பெயரளவு மதிப்புதான். இம்பிடன்ஸ் (அலைவரிசைக்கு ஏற்ப மாறும் மின்தடை) வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். பேஸ் பகுதியில் 3 ஓமுக்கு இறங்கினால் வால்வு ஆம்ப் திணறும்.

அப்படிப்பட்ட ஸ்பீக்கர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஆம்ப்பின் பின்பக்க ஸ்பீக்கர் முனைகளில் 4 ஓம் டேப்பில் இணையுங்கள். 8 ஓம் டேப்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் (ஆம்ப்பின் சொந்த மின்தடை) 2 ஓம் என்றால், 4 ஓம் டேப்பில் அது ஏறக்குறைய 1 ஓம். 3 முதல் 20 ஓம் வரை ஏறி இறங்கும் ஸ்பீக்கரில், முன்னதில் ஒலியளவு அலைவரிசைக்கு அலைவரிசை 3.6 டெசிபல் வரை மாறும், பின்னதில் 2.1தான். பேஸ் இறுகுவது காதுக்கே தெரியும்.

ஒயரை மாற்றுமுன் ஆம்ப்பை அணைத்துவிடுங்கள், இது மிக முக்கியம். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே இன்சுலேஷன் போய்விடும். ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு, 3 மீட்டர் போதும்.

புதிதாக வாங்குவதென்றால், 90 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி (1 வாட்டுக்கு 1 மீட்டரில் தரும் ஒலியளவு), 6 ஓமுக்குக் கீழே இறங்காத ஸ்பீக்கர் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறைக்கு 15 வாட் ஆம்ப்பே தாராளம். 2 ஓம் தொடும் ஸ்பீக்கரை டிரான்சிஸ்டர் ஆம்ப்பிடம் விட்டுவிடுங்கள்.