கத்திரி வெயிலில் வீட்டோடு இருப்பவர்களுக்கு

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் பழைய வாசகம் ஒன்று உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இதில் கடைசியை மட்டும் 1981-இல் சரிசெய்துவிட்டார்கள், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் அந்த வருடம்தான் திரும்ப வந்தார். மலையும் பாலாறும் பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கின்றன. பகலெல்லாம் காய்ந்த மொட்டைப் பாறை, ராத்திரியில் அந்தச் சூட்டை ஊருக்குள் திருப்பிவிடுகிறது. நாங்கள் குடியிருப்பது சத்துவாச்சாரிப் பக்கம், மேல் மாடி வாடகை வீடு. தலைக்கு மேலே தளம், தளத்துக்கு மேலே சூரியன்.

இந்தக் கோடையில் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கிறார். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். ஏலகிரிக்கு ஒரு நாள் போய்வருவதுகூட இந்த வருடம் நடக்காது. என்னைப் போல வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வெயிலை மறக்கவைக்கிற சந்தோஷங்களின் பின்னால் ஓட வேண்டாம். ஏசி போட்டு வீட்டுக்குள் ஊட்டியை வரவழைக்கப் பார்ப்பது பணத்துக்குக் கேடு, கரண்ட் போனால் மனசுக்கும் கேடு. இந்த வெயில் இருந்தால் மட்டுமே கிடைக்கிறவை என்று சில இருக்கின்றன. மார்கழியில் கோடி கொடுத்தாலும் வராதவை. அவற்றை மட்டும் தேடிப் பிடியுங்கள். வெயில் நம்மிடம் இவ்வளவு வாங்கிக்கொள்கிறதே, பதிலுக்கு எதையாவது கொடுக்கட்டும்.

பதினொன்றிலிருந்து நான்கு வரை எந்தச் சுகத்தையும் எதிர்பார்க்காதீர்கள். அது சும்மா கிடக்கும் நேரம். நான் தையலை விடிகாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறேன். அதற்கு மேல் பட்டுத் துணியைத் தொட்டால் விரல் வேர்வை கறையாக நிற்கும். ஒன்பது மணிக்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை போட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்து, வெளியே உள்ள காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். பகலில் திறந்து வைத்தால் "காத்து வருது" என்று தோன்றும், வருவது அனல்.

விடிகாலையில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, சாயங்காலக் குளியலுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது. மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியின் தண்ணீரைப் பத்து மணிக்கு மேல் கையில் வாங்க முடியாது, சாயங்காலம் ஆறு மணிக்கும் அது கொதிக்கும். ஐந்து மணிக்கு அதே குழாயில் நல்ல குளிர்ச்சியாக வரும். இரண்டு வாளி பிடித்து, குளியலறையின் உள்மூலையில் மூடி வையுங்கள். சாயங்காலம் முதல் சொம்பு தோளில் விழும்போது உடம்பு ஒரு தரம் சிலிர்க்கும் பாருங்கள், அந்தச் சிலிர்ப்பு மழைக்காலக் குளியலில் கிடையாது. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பானை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, ஆனால் வைக்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மூலையில் வைத்தால் குளிராது. பானையின் உடம்பு வழியே கசிகிற நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் காற்றோட்டம் வேண்டும். ஒரு தட்டில் மணல் பரப்பி, நனைத்து, வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் அதன் மேல் பானையை வையுங்கள். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சோப்பு போடவே கூடாது, தேங்காய் நார் போதும். ஒரு பிடி வெட்டிவேரை அலசி, மெல்லிய துணியில் முடிந்து உள்ளே போட்டால் தண்ணீருக்கு வாசம் வரும். சில நாளில் வாசம் குறைந்ததும் எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். எங்கள் ஊரில் காற்று வறண்டிருப்பதால் பானை நன்றாகக் குளிரும். சென்னை மாதிரிக் கடலோரத்தில் புழுக்கம் அதிகம், அங்கே இவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். அதிலாவது நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்!

இனி வடாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன்.

வடாம் போடுவதை வருடாந்திர வேலையாக நினைத்து, டப்பா நிறைய வேண்டும் என்று உட்கார்ந்தால் அது தண்டனை. ஒரே ஒரு டம்ளர் ஜவ்வரிசி போதும். நான் வாங்குவது மாவு ஜவ்வரிசி. முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஐந்தாறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் போட்டுக் கிளற வேண்டும். நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாக வந்தால் வெந்தது. பச்சை மிளகாயையும் உப்பையும் அரைத்துப் போட்டு, பெருங்காயம் சேர்த்து இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கியதும் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கூழில் உப்பு ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்த பிறகு அது ஏறிக்கொள்ளும்.

ஏழு மணிக்குள் மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் ஊற்றினால் காய்ந்ததும் தானே கழன்று வரும், உண்மைதான். ஆனால் வெயிலில் அந்த ஷீட்டிலிருந்து கிளம்பும் வாடை எனக்குப் பிடிக்காது. வேட்டியில் என்றால் மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும், அவ்வளவுதான். காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து ஓரமாக நிறுத்துவோம். இரண்டு நாள் பயப்படும், மூன்றாம் நாள் அந்தக் குடை மேலேயே வந்து உட்காரும்.

இதில் முதல் சந்தோஷம், சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வடாம் கூழ். அதை ஒரு கிண்ணத்தில் வழித்து, கொஞ்சம் மோர் விட்டுக் குடித்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. இரண்டாவது, சாயங்காலம் நான்கு மணிக்கு. அப்போது வடாம் ஓரத்தில் காய்ந்து நடுவில் மெத்தென்று இருக்கும். இந்த அரைக் காய்ச்சல் வடாம் எந்தக் கடையிலும் கிடைக்காது, வெயில் கொளுத்தாத நாளில் வீட்டிலும் கிடைக்காது. துணியிலிருந்து பிய்த்துச் சூட்டோடு வாயில் போட வேண்டும். செருப்பில்லாமல் மாடியில் கால் வைத்துவிடாதீர்கள். நான் ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கீழே வருவேன். அத்தை படுத்தபடியே ஒன்றை மென்று பார்த்து, "காரம் பத்தலம்மா, போன தடவை நல்லா இருந்துச்சு" என்பார். போன தடவையும் இதையேதான் சொன்னார். ஒரு காலத்தில் படி ஏறி இறங்கி வடாம் போட்டவருக்கு, தீர்ப்பு சொல்லும் பதவியையாவது விட்டுவைக்க வேண்டும் இல்லையா?

அவருக்கு இருக்கும் இன்னொரு வேலை பூக்கட்டுவது. மல்லிக்குக் கோடைதான் விளைச்சல் காலம். மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற பூ, சித்திரை, வைகாசியில் தெருவில் கூவிக் கூவி விற்கும். கட்டின சரமாக வாங்காமல் உதிரி மொட்டாக நூறு கிராம் வாங்குங்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்து, நான்கு மணிக்கு எடுத்துக் கட்டலாம். வாழைநார் இல்லாவிட்டால் பருத்தி நூல் போதும், என் வீட்டில் பாபினில் மிஞ்சிய நூலுக்குப் பஞ்சமில்லை. கட்டில் தலைமாட்டைச் சற்று உயர்த்திவிட்டால் அத்தையின் விரல்கள் தானாக வேலை செய்யும். அந்த நேரத்தில் வலியைப் பற்றிப் பேச மாட்டார், பக்கத்து வீட்டுக் கதைகள் வரும். ஏழு மணி வாக்கில் மொட்டு வாய் திறக்கும்போது கூடம் முழுக்க மணக்கும். தலையில் வைக்க ஆளில்லாவிட்டாலும் பூவை வாங்குங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் மொட்டாகப் போட்டு ஜன்னலோரம் வைத்தாலும் மணம் மணம்தான்.

சாப்பாட்டில் சமைக்காமல் கிடைப்பதற்கே முதல் மரியாதை. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம், மாவடு. இதற்குச் செய்முறை எழுதினால் பாட்டிமார் சிரிப்பார்கள். நுங்கு வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் இளசு. கெட்டியாக இருப்பது கடுக்காய் நுங்கு, வயிற்றைப் பிடிக்கும். மேல்தோல் துவர்க்கும் என்று உரிப்பவர்கள் உரிக்கலாம், அந்தத் தோலை வேர்க்குரு மேல் தேய்த்தால் கொஞ்ச நேரம் அரிப்பு அடங்கும். மாம்பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வாசம் செத்துப்போகும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு பானைத் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். எனக்கு இமாம்பசந்து, அத்தைக்கு பங்கனப்பள்ளி. இந்தச் சண்டை ஆனி வரை நடக்கும். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்பை முகர்ந்தால் வாசமே இல்லாத பழத்தை விட்டுவிடுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குத் தடை இருந்தும் நடக்கத்தான் நடக்கிறது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கத்திரி தொடங்குவதற்கு முன்பே ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, வேலூர்ப் பக்கம் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும். பன்னிரண்டு பத்து வாக்கில் மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அதற்கு நிழலே விழாது. மதுரையில் இது இன்னும் ஒரு வாரம் முன்னதாக, கன்னியாகுமரியில் அதற்கும் முன்னதாக வரும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம். தவறவிட்டால் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு, மேகம் விட்டுக்கொடுத்தால்.

மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி 28 வாக்கில்தான் விடும். அந்த நாட்களில் ராத்திரிதான் நமக்குச் சொந்தம். பொழுது சாய்ந்ததும் மாடித் தளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை ஊற்றியதும் சூடான ஆவி குப்பென்று எழும்பும், அப்போது பாய் விரித்தால் வெந்துவிடுவோம். அது காய்ந்ததும் இன்னொரு தடவை ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் போங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள தெருவில் துணி அலசின தண்ணீரே போதும். மெத்தை வேண்டாம், கோரைப்பாய்தான் சரி.

ஒன்பது மணிக்குப் படுத்துக்கொண்டு வடக்கே பாருங்கள், சப்தரிஷி மண்டலம் இருக்கும். அதன் வால் வளைகிற வழியே கண்ணை ஓட்டினால், கிழக்கு உச்சியில் செம்மஞ்சளாகச் சுவாதி. அதே வளைவில் இன்னும் தெற்கே போனால் வெள்ளையாகச் சித்திரை. பிறகு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், நான்கு நட்சத்திரமாகத் திரிசங்கு நிமிர்ந்து நிற்கும். மே நடுவில்தான் அது இப்படிப் படுக்கப்போகும் நேரத்தில் நேராக நிற்கிறது. தை மாதத்தில் பார்க்க வேண்டுமானால் விடியலுக்கு முன்பு பனியில் எழுந்திருக்க வேண்டும். தெற்கே தெருவிளக்கு மறைத்தால் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள்.

மாடி ஏற முடியாதவர்களுக்குக் கட்டிலை நகர்த்துவதுதான் வழி. ராத்திரி எட்டு மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அடுப்புத் திண்ணையாகச் சுடும். அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில் இருந்தால் எந்த விசிறியும் உதவாது. அத்தையின் கட்டிலைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்ததிலிருந்து அவரும் தூங்குகிறார், நானும் தூங்குகிறேன்.

வயதானவர்களுக்குத் தாகம் சீக்கிரம் தெரியாது. கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் கொடுங்கள். ஒரேயடியாக ஒரு சொம்பு வேண்டாம், மணிக்கொரு தரம் அரை டம்ளர் மோரோ தண்ணீரோ போதும். இருதயம், சிறுநீரகம் காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தெரியாமல் பேசினால் கைவைத்தியம் பார்க்காமல் 108-க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறலாம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மே மாதத்தில் சில நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். மழைக்கு முன்னால் ஒரு காற்று வருமே, அதற்காகச் சாத்தின ஜன்னலையெல்லாம் அப்போதே திறந்துவிடலாம். ஆனால் முதலில் மாடிக்கு ஓடி வடாம் வேட்டியை நான்கு முனையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி வந்துவிடுங்கள், துணிமணி நனைந்தால் நாளைக்குக் காய்ந்துவிடும். கரண்ட் எப்படியும் போகும். எமர்ஜென்சி விளக்கை மதியமே சார்ஜில் போட்டு வையுங்கள்.