பழைய மேனுவல் லென்ஸோடு பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன விடுமுறையில் ஒரு மலை உச்சியில் சூரியன் வரக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர். மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) பழைய எம்42 லென்ஸை, அதாவது திருகி மாட்டும் வகையை, அடாப்டர் என்ற இணைப்பு வளையம் வைத்து மாட்டியிருந்தார். ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி குறியில், அதாவது மிகத் தொலைவுக்கான குறியில், முட்டி நிற்கும்வரை திருப்பிவிட்டு, தூரத்து மலைகளை எடுத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்களேன்" என்றேன். பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இன்ஃபினிட்டியிலதானே அண்ணா வச்சேன்?" என்றார்.

சில வருடங்களுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரியை சார்ஜ் செய்யாமல் கிளம்புவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்ஃபினிட்டி குறியை நம்புவது

நான் அந்தக் கேள்வியைக் கேட்ட பழைய பயணத்துக்கு ஒரு 28 மி.மீ. லென்ஸ் கொண்டு போயிருந்தேன். ஏழு நாட்களும் விடியலில் எழுந்தேன். வெளிச்சம் குறைவு என்பதால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) அகலத் திறந்து எஃப் 2.8, வளையம் இன்ஃபினிட்டி முட்டில். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே கூர்மையாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், ஒரு மலைமுகடுகூடத் தெளிவாக இல்லை. லென்ஸ்தான் சரியில்லை என்று முடிவுகட்டி அதை ஒருவருக்குக் கொடுத்தும்விட்டேன். அதே லென்ஸில் அவர் எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் குற்றவாளி அடாப்டர் என்று புரிந்தது.

காரணம் எளிது. எம்42 லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். சோனி மிரர்லெஸ் கேமராக்களின் இ மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) இந்தத் தூரம் 18 மி.மீ. மிச்சமுள்ள 27.46 மி.மீட்டரை அடாப்டர் நிரப்ப வேண்டும். அது கொஞ்சம் நீளமாகிவிட்டால் லென்ஸ் இன்ஃபினிட்டியை எட்டவே எட்டாது. அந்தப் புகார் வரக்கூடாது என்று பல அடாப்டர்களை வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது வளையம் முட்டி நிற்கும் இடம் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போய்விடுகிறது.

குறைவு 0.1 மி.மீ.தான் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் தூரத்து மலை தெளிவாவது, வளையம் சுமார் 25 மீட்டரைக் காட்டும்போது. 28 மி.மீ. லென்ஸில் 8 மீட்டரைக் காட்டும்போதே! அகலமான காட்சி தரும் வைடு லென்ஸ்தான் அதிகம் அடிவாங்கும். துளையைச் சுருக்கி எஃப் 8-இல் எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும், எஃப் 2.8-இல் பல்லை இளிக்கும். அதனால்தான் பகலில் எடுத்தவை நன்றாக வந்து, விடியற்காலைப் படங்கள் மட்டும் கெட்டுப்போகின்றன. நாமும் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு இழப்பும் உண்டு. பழைய லென்ஸின் பெரிய சுகமே அதன் தூர அளவுகோல். 28 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேமில் (பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாமே தெளிவு. அப்புறம் வளையத்தைத் தொடாமலே தெருத் தெருவாக நடக்கலாம். குட்டை அடாப்டரில் அந்த அளவுகோலே பொய். 3 மீட்டர் என்று வைத்தால் ஃபோகஸ் கிட்டத்தட்ட 5 மீட்டரில் விழும்.

இதைச் சொல்லாமலே அடாப்டரை விற்கிறார்களே என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை நல்ல லென்ஸ்கள் "பழசு, தெளிவு பத்தாது" என்ற பெயரோடு கைமாறியிருக்கும்!

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரமோ இரவு நட்சத்திரமோ போதும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, திரையை அதிகபட்சம் பெரிதாக்கி, முட்டிலிருந்து வளையத்தை மெதுவாகப் பின்னுக்குத் திருப்புங்கள். எங்கே கூர்மை உச்சத்துக்கு வருகிறதோ அங்கே ஒரு துளி டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக. அடாப்டரை மாற்றினால் மறுபடியும். ஃபோகஸ் பீக்கிங்கை (கூர்மையான ஓரங்களைத் திரையில் வண்ணத்தில் காட்டும் வசதி) வைத்து இதைச் செய்யாதீர்கள். வைடு லென்ஸில் அது பாதித் திரையை வண்ணமடித்துவிடும்.

பெட்டி நிறைய லென்ஸ்

பழைய லென்ஸ்கள் உலோகமும் கண்ணாடியுமாகக் கனக்கும். இரண்டு போதும். ஒன்றோடு போனால் இன்னும் நல்லது; மூன்றாவது நாள் கை தானாகவே சரியான தூரத்துக்கு வளையத்தைத் திருப்பும். அந்தப் பழக்கம் வருவதற்குள் லென்ஸை மாற்றினால், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். சற்றுச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 50 மி.மீ. சுமார் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். குறுகிய சந்துகளில் பின்னால் போக இடம் இருக்காது.

எப்போதும் முழுத் திறப்பு

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸை வாங்கியவர்கள் எல்லோரும் செய்வது இது. பின்னணி சுழன்று தெரிவது அழகுதான், நானும் அதற்காகவே வாங்கினேன். ஆனால் முகத்துக்குப் பின்னால் எல்லாமே கரைந்துபோனால், அந்தப் படத்தை எந்த ஊரில் எடுத்தோம் என்பதே தெரியாது. எஃப் 5.6-இலும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

ஸ்டெபிலைசேஷன் எண்

கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமராவா? லென்ஸை மாற்றினால் கேமராவில் ஃபோகல் லெங்த்தையும் (லென்ஸின் மி.மீ. எண்) மாற்றுங்கள். 28 மாட்டிக்கொண்டு 135 என்று விட்டுவைத்தால் கேமராவே படத்தை அசைத்துவிடும்.

ஈரம்

நனைந்த பைக்குள் இரவு முழுக்க லென்ஸைப் பூட்டி வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும்.