ஆற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்: ரிஷிகேஷ் செல்லத் திட்டமிடும் புலம்பெயர் தமிழருக்கு

வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு பருவங்களில்தான் ஊருக்கு வருகின்றன. கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறையில் வருகிறார்கள். எல்லா நாட்டினரும் சேர்ந்து வருவது டிசம்பர் கடைசியில். கங்கைக்கரையில் சில நாள் தங்கி யோகா கற்று, பிள்ளைகளை ராஃப்டிங் (பாய்ந்தோடும் ஆற்றில் மிதவைப் படகுப் பயணம்) அழைத்துச் செல்லலாம் என்று ரிஷிகேஷுக்குத் திட்டமிடுவோருக்கு இந்த இரண்டுமே சங்கடமான காலங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விமானச் சீட்டை வாங்கிய பிறகு இதை அறிந்து வருந்தியவர்கள் நிறையப் பேர்.

ஜூலையில் மழை தொடங்கி ஆறு பெருகிவிடுவதால் ராஃப்டிங் நிறுத்தப்படுகிறது. வெள்ளம் வடிந்து செப்டம்பர் பிற்பகுதியில்தான் மீண்டும் தொடங்குகிறது. அதே ஜூலை, ஆகஸ்டில் வட இந்தியருக்கு சிராவண மாதம் வருகிறது. அப்போது நம் காவடியைப் போன்ற தண்டின் இருபுறமும் கங்கை நீர்க் குடங்களைத் தொங்கவிட்டு, தத்தம் ஊர்ச் சிவன் கோயிலுக்கு நடந்து செல்லும் காவட் யாத்திரை நடக்கும். இலட்சக்கணக்கானோர் திரளும் அந்நாள்களில் தில்லியிலிருந்து ஹரித்வார் செல்லும் சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவதும் பகுதிகளை மூடுவதும் வழக்கம். டிசம்பர் இறுதியில் ராஃப்டிங் உண்டு. ஆனால் பனியிலிருந்து இறங்கி வரும் நீரின் குளிர் எலும்பைத் தொடும். அதைவிடப் பெரிய தொல்லை தில்லி மூடுபனி. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விமானங்களும் இரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாவதால், பன்னாட்டு விமானத்தையும் உள்நாட்டு விமானத்தையும் இரண்டு மணி இடைவெளியில் கோத்து வைப்பது சூதாட்டத்துக்கு ஒப்பானது.

ஆகவே பள்ளி நாள்காட்டியை ஆற்றின் நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வருவோர் பாக்கியசாலிகள். நவம்பர் பிற்பகுதியில் தொடங்கும் அவர்களது நீண்ட விடுமுறையில் வானமும் நீரும் தெளிவாக இருக்கும், மூடுபனி இன்னும் இறங்கியிருக்காது. ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் கிடைக்கும் இரண்டு வாரம், மழை அவ்வாண்டு நேரத்தோடு ஓய்ந்திருந்தால், நன்கு பொருந்தும். மார்ச், ஏப்ரலில் வர இயன்றவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மே, ஜூன் மாதங்களில் ராஃப்டிங் நடந்தாலும், வெயில் 40 பாகையை எட்டக்கூடும். பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைக்கு ரிஷிகேஷே வாசல் என்பதால் ஊரே வாகனங்களால் அடைத்துக்கொள்ளும். 2027-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வர எண்ணுவோர், ஹரித்வாரில் அப்போது அரைக் கும்பமேளா நடைபெற இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கனடாவிலிருந்து ஜூலையில்தான் வர முடியும் என்றால், படகை மறந்துவிட்டு யோகாவுக்காக மட்டும் வாருங்கள். அதுவும் காவட் யாத்திரை முடியும் சிராவண சிவராத்திரி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அதற்குப் பின் வாருங்கள்.

இனிப் பயணவழி. தில்லியிலிருந்து ரிஷிகேஷ் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். காரில் ஐந்தாறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். தேராதூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. இரயிலில் வருவோர் 25 கிலோமீட்டர் முன்னதாக ஹரித்வாரில் இறங்குவதே வழக்கம். ஊரிலேயே புதிதாகக் கட்டப்பட்ட யோக் நகரி ரிஷிகேஷ் நிலையத்துக்கும் சில இரயில்கள் உண்டு. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் நான்கு மாதம் முன்பே இரயில் சீட்டை முடித்துவிடும் பழைய பழக்கம் இனிச் செல்லாது. எனக்குத் தோன்றும் யோசனை இது: திருமணம், கோயில் கொடை என்று ஊரில் வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, பெட்டிகளை உறவினர் வீட்டில் வைத்து, கைப்பை ஒன்றோடு சென்னையிலிருந்து கிளம்புங்கள். பன்னாட்டு விமானத்தில் இரண்டு பெட்டி அனுமதித்தவர்கள் தனியாக வாங்கிய உள்நாட்டுச் சீட்டில் 15 கிலோவோடு நிறுத்திவிடுவார்கள்; சித்திக்கும் மாமாவுக்கும் வாங்கிய சாக்லேட்டுக்கு அங்கே கட்டும் கூடுதல் கட்டணம் சாக்லேட்டின் விலையை மிஞ்சும்.

விசா பற்றி ஒன்று மட்டும். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை உள்ளவர்களுக்குக் கவலையில்லை. தேசியப் பூங்காக்களிலும் நினைவுச் சின்னங்களிலும் இந்தியருக்கான நுழைவுக் கட்டணமே அவர்களுக்கும் என்பதால் அட்டையைக் கையில் வைத்திருப்பது பயன்தரும். மற்றவர்கள் எடுக்கும் மின்னணுச் சுற்றுலா விசாவில் குறுகிய கால யோகப் பயிற்சிக்கு இடமுண்டு. ஆனால் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி போன்ற, சான்றிதழ் தரும் படிப்பில் சேருவதாக இருந்தால், எந்த விசா பொருந்தும் என்று தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பள்ளிக்காரர் சொல்லும் உறுதிமொழி விமான நிலையத்தில் செல்லாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை விடுதிக்கும் ஆசிரமத்துக்கும் இருக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத சிறிய விடுதிகள் வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், நீங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. மலையேறும் பழக்கமுள்ளவர்கள் கையோடு கொண்டுவரும் செயற்கைக்கோள் தொலைபேசி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஆகியவற்றுக்கு இந்தியாவில் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் விமான நிலையச் சோதனையில் சிக்கினால் கைதுவரை போகும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கும் ஆறுதான் விடை சொல்கிறது. ரிஷிகேஷ் என்று நாம் சொல்வது ஒரே ஊர் அன்று. ஆற்றின் இரு கரையிலும் மூன்று மாவட்டங்களைத் தொட்டு நீளும் சில குடியிருப்புகளின் தொகுதி அது. கீழே திரிவேணி காட் என்னும் படித்துறை அருகே பழைய கடைத்தெருவும் பேருந்து நிலையமும் உள்ளன. சற்று மேலே முனி கி ரேதி. அதற்கும் மேலே, யோகப் பள்ளிகளும் காபிக் கடைகளும் இளைஞர் விடுதிகளும் நெருக்கியடிக்கும் தபோவன். எதிர்க்கரையில் சுவர்காசிரமம், பரமார்த்த நிகேதன், கீதா பவன் முதலிய ஆசிரமங்கள். இரு கரைகளையும் இணைக்கும் ராம் ஜூலாவிலும், 2020-இல் திறக்கப்பட்ட ஜானகி சேதுவிலும் கார் போகாது. பழைய லட்சுமண் ஜூலா பாதுகாப்புக் கருதி மூடப்பட்டுவிட்டது. எதிர்க்கரையில் அறை எடுத்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடுகளுக்கும் குரங்குகளுக்கும் நடுவே பாலத்தைக் கடக்க வேண்டும், அல்லது காரில் கீழே உள்ள அணைக்கட்டு வழியாக நெடுந்தூரம் சுற்றி வர வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வருவோர் முனி கி ரேதியில் தங்குவதே மேல். கரையோடு போகும் பகிர்வு ஆட்டோவை அங்கே விக்ரம் என்பார்கள். கையைக் காட்டினால் நிற்கும், சில்லறை வைத்திருங்கள்.

முனி கி ரேதியை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவானந்த ஆசிரமம் அங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், பாய்க்குப் பெயர்போன பத்தமடையில் 1887-இல் குப்புசாமியாகப் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். மருத்துவம் படித்து, 1913 முதல் பத்தாண்டு மலாயாவில் நெகிரி செம்பிலானிலும் ஜொகூரிலும் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்தவர். அதாவது, அவரும் கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்தான்! 1924-இல் ரிஷிகேஷில் துறவு பூண்டு, 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். கோவை மாவட்டத்தில் பிறந்த அவருடைய சீடர் சச்சிதானந்தர், திருகோணமலையில் கிளை நிறுவிச் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகே அமெரிக்கா சென்றார். மலேசியத் தமிழருக்கும் ஈழத் தமிழருக்கும் ஆகவே இந்த வாசல் முற்றிலும் அந்நியமானதன்று. 1943 முதல் அங்கே இரவு பகலாக நாம சங்கீர்த்தனம் நின்றதே இல்லை. இரவுச் சத்சங்கத்தில் யாரும் உட்காரலாம். தங்க விரும்பினால் பல வாரங்களுக்கு முன்பே எழுதி அனுமதி பெற வேண்டும்; வந்து நின்று அறை கேட்பது முறையன்று. அது விடுதியன்று என்பதால் கதவடைக்கும் நேரம், உடை, உணவு நேரம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கும். அந்த ஒழுங்கு பிள்ளைகளுக்குக் கடினம் என்று தோன்றினால் வெளியே தங்கி, காலையில் தபோவன் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். முதல் நாளே ஒரு மாதப் படிப்புக்கு முன்பணம் கட்டாமல், இரண்டு மூன்று ஆசிரியர்களிடம் அமர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் மார்ச்சில் பரமார்த்த நிகேதனில் பன்னாட்டு யோக விழா நடக்கும். அந்த வாரம் அறைகள் கிடைப்பது அரிது.

ராஃப்டிங்கில் தூரத்தைத் தேர்வதுதான் முக்கியமான முடிவு. பிரம்மபுரியிலிருந்து இறங்கினால் சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மரீன் டிரைவ் என்னும் இடத்திலிருந்து 24, கௌடியாலாவிலிருந்து ஏறத்தாழ 36. முதன்முறை வரும் குடும்பத்துக்குச் சிவபுரி போதும். ‘ரோலர் கோஸ்டர்’, ‘கோல்ஃப் கோர்ஸ்’ என்று படகோட்டிகள் பெயரிட்ட பெருஞ்சுழிப்புகள் அந்தத் தூரத்திலேயே வந்துவிடுகின்றன. கௌடியாலாவுக்குக் கீழே உள்ள ‘தி வால்’ அனுபவசாலிகளுக்கு உரியது. சிறு பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். பொதுவாக 14 வயதை எல்லையாகச் சொல்வார்கள் என்பதால், பத்து வயதுப் பிள்ளைக்கு முன்கூட்டியே ஆசை காட்டிவிடாதீர்கள். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் உரிமம் உண்டா என்று கேட்டு, தலைக்கவசமும் மிதவை அங்கியும் உடலோடு இறுகப் பொருந்துகின்றனவா என்று நீங்களே இழுத்துப் பார்த்து ஏறுங்கள். பெண்கள் தாலிக்கொடியையும் வளையல்களையும் கரையில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டு ஏறுவதே பாதுகாப்பு. கங்கையில் விழுந்த தங்கம் கங்கைக்கே. புறப்படுமுன் உங்கள் பயணக் காப்பீட்டு ஆவணத்தைத் திறந்து பாருங்கள். ராஃப்டிங்கும், காலில் மீள்கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிக்கும் பஞ்சி ஜம்பிங்கும் பல காப்பீடுகளின் விலக்குப் பட்டியலில் இருக்கும், தனியாகச் சிறு தொகை கட்டிச் சேர்க்க வேண்டும். மோகன்சட்டியில் உள்ள பஞ்சி மேடை 83 மீட்டர் உயரம். இரத்த அழுத்தமோ முதுகு வலியோ உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படகைவிட அதிக உயிர்களைப் பறிப்பது கரைக் குளியல்தான். கங்கையில் கலக்கும் பாகீரதி ஆற்றில் மேலே 260 மீட்டர் உயரத் தெஹ்ரி அணை இருக்கிறது. மின் உற்பத்திக்கு நீர் திறக்கும்போது, வானம் வெளுத்திருக்கும் நாளிலும் ஆற்றின் மட்டம் உயரும். காலையில் நடந்துபோய் உட்கார்ந்த பாறை மாலையில் நீருக்குள் இருக்கும். தாமிரபரணியிலும் காவிரியிலும் நீந்திப் பழகியவர்களுக்கு அந்தத் துணிச்சல் இங்கே ஆகாது. மணல்திட்டுகளில் இறங்காமல், சங்கிலி கட்டிய படித்துறையில் சங்கிலியைப் பிடித்தபடி முழுக்குப் போடுங்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய விரும்புவோர் திரிவேணி காட்டில் செய்யலாம். புரோகிதர் இந்தியில்தான் பேசுவார், தட்சிணையை அமரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆற்றோரக் கூடாரம் என்று விளம்பரம் செய்தால் அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் கூடாரமிடத் தடை விதித்தது. ஆகவே பெரும்பாலான கூடாரங்கள் மலைச்சரிவில்தான் இருக்கும்.

ஊரில் இறைச்சியும் மதுவும் கிடையாது, முட்டையும் இல்லை. முட்டை உள்ளிட்ட அசைவ உணவு விற்பனைக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2004-இல் உறுதி செய்திருக்கிறது. வரும் வழியில் விமான நிலையக் கடையில் வாங்கிய புட்டியைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ரொட்டியும் ராஜ்மாவும் அலுத்தால் ராம் ஜூலா அருகே தோசை கிடைக்கும்.

நான்கு இரவாவது தங்குங்கள். அவற்றில் ஒரு பகலைத் தேவப்பிரயாகைக்கு ஒதுக்குங்கள். மலைச்சாலையில் மேலே சுமார் 70 கிலோமீட்டர். பச்சையாக வரும் பாகீரதியும் கலங்கலாக வரும் அலகநந்தாவும் அங்கே கூடிய பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடிய திவ்விய தேசம் அந்த ஊர்தான். ரகுநாதர் கோயிலுக்குப் படி ஏற வேண்டும், சங்கமத்துக்குப் படி இறங்க வேண்டும். வயதானவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் வெயிலுக்கு முன் தரிசனம் முடியும். வழியில் வசிஷ்டர் குகையில் சற்று அமர்ந்துவிட்டு, மலைச்சாலையில் இருட்டுமுன் திரும்பிவிடலாம்.