நள்ளிரவில் காக்கடீல் படபடத்தால்

காக்கடீல் வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரவில் கூண்டு இருக்கும் அறையை முழு இருட்டாக்கிவிடாதீர்கள். காக்கட்டூ எனப்படும் கொண்டைக் கிளிகளின் குடும்பத்திலேயே மிகச் சிறிய பறவை இது. எடை 100 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாகத் திரியும் இனம். ஆபத்து என்றால் உடனே பறந்துவிடுவது அதன் இயல்பு. பல்லி ஓடினாலும் தெருவில் வெடி வெடித்தாலும், இருட்டில் திசை தெரியாமல் கம்பியில் மோதிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் இரவு சத்தம் கேட்டு எழுந்து பார்த்தபோது, கொண்டையை விறைத்துக்கொண்டு கூண்டின் மூலையில் நடுங்கி நின்றது. தட்டெல்லாம் ரத்தத் துளிகள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அது முறிந்திருந்தது.

அப்படி நேர்ந்தால் பதறிப்போய் உடனே கையை உள்ளே விடாதீர்கள். முதலில் விளக்கைப் போட்டு, தாழ்ந்த குரலில் பேசுங்கள். அடங்கிய பிறகு துணியால் மெல்லப் பிடித்து, முறிந்த இறகின் மேல் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) வைத்துச் சில நிமிடங்கள் அழுத்துங்கள். ரத்தம் நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் கூண்டருகே ஒரு சின்ன இரவு விளக்கை எரியவிடுகிறோம். மூடுதுணியிலும் ஒரு பக்கத்தைத் திறந்தே வைக்கிறோம். தாழ்வான ஒரே குச்சியில் தூங்கப் பழக்கியிருக்கிறோம்.

இன்னொன்று: அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை கிளி இனங்களைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.